கசக்கணும், கிறங்கக் கூடாது

"கசக்கணும். ஆனா கிறங்கக் கூடாது. அப்படி ஒரு பீர் இருக்கா?"

கல்லாவில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்த கடைக்காரர் நிமிர்ந்தார். எதிரே கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண். அவளுக்குப் பின்னால், பையைக் கட்டிப் பிடித்தபடி அவள் கணவன்.

கடைக்காரருக்கு வியாபாரத்தில் மனசே இல்லை. சின்னச் சின்ன ஆலைகளில் வடிக்கிற பீராகத் தேடித் தேடி வாங்கி, எட்டு வருடமாக நடத்தும் கடை. அதை மூடச் சொல்லிக் குடியிருப்போர் சங்கம் மனுப் போட்டிருந்தது. இன்று நாலு மணிக்கு நகராட்சியில் விசாரணை. கடை தங்குமா போகுமா என்று இன்றே தெரிந்துவிடும்.

"கிறங்காட்டி அது எதுக்கும்மா பீரு?"

"ருசி முழுசா இருக்கணும். ஆல்கஹால் ஒரு பர்சென்ட்டைத் தாண்டக் கூடாது."

கடைக்காரர் கணவனை ஏற இறங்கப் பார்த்தார். பகலில் பூனையாக நிற்கிறவன்தான் ராத்திரியில் புலியாகிறான். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்!

"ஏன் தம்பி, வீட்டுல ரொம்ப ஆடறீங்களோ?"

"ஐயோ, இவரா? மூடியைத் திறந்தாலே தும்முவாரு."

கடைக்காரர் ஒரு பாட்டிலைத் திறந்தார். அவன் தும்மினான்.

"அப்ப யாருக்கு?"

"வீட்டுப் பெரியவங்க ஒருத்தருக்கு. சாயங்காலம் ஒரு கூட்டத்துல பேசணும். ரெண்டு மடக்கு உள்ளே போகாம அவங்களுக்கு வாய் திறக்காது. போன தடவை ஸ்ட்ராங்கா எதையோ குடிச்சுட்டு, மைக்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு..."

"பாட்டா?"

"தாலாட்டு."

கடைக்காரர் காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்தார். சின்ன கிளாஸில் ஊற்றி நீட்டினார். அவள் ஒரு வாய் உறிஞ்சினாள்.

"வாய் கொப்பளிச்ச தண்ணி."

அடுத்தது ஆரஞ்சுத் தோல் போட்டது.

"இருமல் மருந்து. அவங்க என் மூஞ்சியிலேயே துப்புவாங்க."

"நீங்களா எப்படிம்மா சொல்றீங்க?"

"மூணு வருஷமா என் சமையலைப் பரிசோதிக்கிற நாக்குங்க அது. எனக்கு மனப்பாடம்."

கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. கடையே போனாலும் போகட்டும், ஒரு நாக்கிடம் தோற்பதா? உள்ளே போய் ஒரு கறுப்பு பாட்டிலைத் தூசி தட்டி எடுத்து வந்தார்.

"முளைகட்டின பார்லியைக் காபிக்கொட்டை மாதிரி கருக வறுத்து வடிச்சது. அரை பர்சென்ட்தான். இதையும் துப்பினா நான் மொட்டை அடிச்சுக்கறேன்."

அவர் தலையில் ஏற்கெனவே அடிப்பதற்கு அதிகம் இல்லை. அவள் உறிஞ்சினாள். கண்ணை மூடினாள்.

"கசப்பு மெதுவா, பின்னாடியே வருது..." மறுபடி உறிஞ்சினாள். "இது அவங்களை ஏமாத்திடும்!"

கணவனின் பையிலிருந்து ஒரு பிளாஸ்க் வெளியே வந்தது. "இதுல ஊத்திக் குடுங்க. பார்க்கறவங்க காபின்னு நினைக்கணும்."

"பலே! நுரை காட்டிக் குடுத்துடுமே." கடைக்காரர் இரண்டு டம்ளர்களை எடுத்து, தலைக்கு மேலிருந்து இடுப்பு வரை ஆற்றினார். நுரை அடங்கியதும் பிளாஸ்க்கில் நிரப்பிக் கணவனிடம் கொடுத்தார்.

அவள் ஸ்கூட்டரை எடுக்க வெளியே போனாள். கணவன் பர்ஸைத் திறந்தான்.

"வேணாம் தம்பி. இன்னைக்கு என் கடைக்குக் கடைசி நாளா இருந்தாலும் இருக்கலாம். போறப்ப ஒரு நல்ல காரியம் செஞ்சதா இருக்கட்டும். அந்தப் பெரிய மனுஷன் குளறாம, கணீர்னு பேசணும். சொன்னது நடக்கணும்!"

கணவனின் முகம் வாடிப் போனது. வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

"நீங்க இவ்வளவு நல்லவரா இருப்பீங்கன்னு தெரியாதுங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லித்தான் அவ என்னைக் கூட்டிட்டு வந்தா. ஆனா மனசு கேக்கல."

"என்ன தம்பி?"

"அது எங்க அம்மா. குடியிருப்போர் சங்கத்துத் தலைவி. நாலு மணிக்கு நகராட்சியில உங்க கடையை மூடச் சொல்லித்தான் பேசப் போறாங்க. போன மாசமே சங்கத்துல பேசி மனுவை அனுப்பியிருப்பாங்க. அந்தத் தாலாட்டாலதான் ஒரு மாசம் தள்ளிப் போச்சு."

வெளியே ஸ்கூட்டர் ஹாரன் இரண்டு முறை அடித்தது.

"அந்தப் பிளாஸ்க்கை இப்படிக் குடுங்க தம்பி, பாட்டிலை மாத்தி எடுத்துட்டேன் போலிருக்கு," என்று அன்பொழுகச் சொல்லியபடி, ஒன்பது பர்சென்ட் கறுப்பு பீர் இருந்த மேல் தட்டுக்கு எம்பினார் கடைக்காரர்.