பூட்டிய குரல்

கடலூர் வெள்ள மீட்புத் தொண்டர்களின் காதுக்கருவிக்கு ஒரு குணம் உண்டு. எதற்கும் தலைவரின் வாயையே எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தனக்குத் தோன்றினால், அது தலைவரின் குரலைப் பூட்டிவிடும். மற்றவர்கள் பேசுவது அவருக்குக் கேட்கும், அவர் பேசினால் யாருக்கும் போகாது. அந்த விதியைக் கொண்டுவந்ததே குழுத் தலைவி ரெஜினாதான். இன்று அவள் குரலே பூட்டிக்கொண்டது.

அவள் கரையில் நின்றாள். கைக்குழந்தையோடு ஒரு தாயை ஏற்றிவந்த படகு நட்டாற்றில் தடுமாறியது.

"ரெஜினாக்கா, இப்ப நான் என்ன செய்யட்டும்?" படகிலிருந்து தமயந்தி கேட்டாள். குழுவில் சேர்ந்த நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் அவள் கேட்பது அதைத்தான்.

வேகத்தைக் கூட்டச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினாள் ரெஜினா. காற்றோடு போயிற்று.

பதில் வராததால் தமயந்தி தானே ஆற்றை நோட்டமிட்டாள். பிறகு காதில் அவள் குரல், தெளிவாக: "மோட்டார நிறுத்துங்க. யாரும் எந்திரிக்காதீங்க. அம்மா, புள்ளைய இறுக்கிப் புடிச்சுக்குங்க."

படகு வேகமிழந்தது. அதன் மூக்குக்கு முன்னால் வேரோடு பிடுங்கப்பட்ட மரமொன்று உருண்டு போனது. கரையிலிருந்து ரெஜினாவுக்கு அது தெரிந்திருக்கவே இல்லை. வேகம் கூட்டியிருந்தால் நேராக அதில்தான் மோதியிருப்பார்கள்.

படகு கரை சேர்ந்தபோது பூட்டுத் திறந்தது. தொண்டர்கள் வழக்கம்போல ரெஜினாவின் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்.

ரெஜினா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"தமயந்தி," என்றாள், "இப்ப நான் என்ன செய்யட்டும்?"