ஸ்விட்ச் மட்டும் போதும்

பழைய ஸ்டீரியோ ரிசீவரின் தேய்ந்துபோன பவர் ஸ்விட்சைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தார் மெக்கானிக். அழுத்தியதும் டயல் விளக்கு எரிந்தது, சத்தம்தான் வரவில்லை.

அதைக் கொண்டுவந்து எதிரே நின்ற வயதான அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

“உள்ளே இன்னொரு பார்ட்டும் போயிருக்கும்மா. ரெண்டு நாள் குடுங்க, பாட வெச்சுடறேன்.”

“வேண்டாம் தம்பி, ஸ்விட்ச் மட்டும் போதும்.”

“பாடாத பெட்டியை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணுவீங்க?” என்று சிரித்தார்.

“இது பாடி நான் கேட்டதே இல்ல, தம்பி. சின்ன வயசுலயே காய்ச்சல்ல காது போயிடுச்சு. உங்க உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்றேன். வீட்டுக்காரர் வேலை விட்டு வந்ததும் முதல்ல இதைத்தான் போடுவார். சமையலறையிலேருந்து எட்டிப் பார்ப்பேன். விளக்கு எரிஞ்சா ஆள் வந்தாச்சுன்னு அர்த்தம்.”

மெக்கானிக்கின் சிரிப்பு அடங்கியது. “இப்போ அவர்...?”

“போன மாசம் போயிட்டார். இனிமே நானே போட்டுட்டு, உள்ளே போய் எட்டிப் பார்த்துக்கறேன்.”