வெள்ளைத் தாள்

சேவூரில் தறி நெய்யும் சுதாகர் வளர்த்த ஆப்பிரிக்க மலைப்பாம்புக்கு உண்ணி வந்தது. தினமும் தறியை விட்டு எழுந்ததும் அதை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கண்ணோரம் விரலால் துடைப்பான். உண்ணி கறுப்பாகத் தெரிவதற்காக, பாம்பின் பெட்டியில், பட்டுப்புடவை சுற்றும் வெள்ளைத் தாளை விரிப்பான்.

“எனுக்கு ஜுரம் வந்தப்போ இப்டி உக்காந்துகினு இருந்தியா?” என்றாள் மனைவி கலையரசி.

பத்தாம் நாள் உண்ணி ஒழிந்தது. பாம்பு சட்டை உரித்தது. அந்தச் சட்டையை மடித்து, பீரோவில் அவளுடைய கல்யாணப் புடவைமேல் வைத்தான்.

மறுநாள் அவள் தலையணையில் கறுப்புப் புள்ளிகள் ஊர்ந்தன. சுதாகர் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்தான். பாயில் வெள்ளைத் தாளை விரித்தான். அவள் கண்ணோரத்தை விரலால் துடைத்தான்.

“உரிச்சிட்டா சரியாப் பூடும்,” என்றான்.

பெட்டிக்குள் பாம்பு தலைதூக்கிப் பார்த்தது. அதையே பார்த்துக்கொண்டு கலையரசி வலக்கைத் தோலை முழுதாக உருவி அவனிடம் நீட்டினாள்.

“மடிச்சு வையி,” என்றாள்.