குவாந்தானிலிருந்து பொன்னுதுரை

காலை பத்து மணிக்குக் குவாந்தானைத் தொட்டுவிட்டதாகப் பொன்னுதுரை வானொலியில் அறிவித்திருந்தார். யூசுப்பும் சுவரிலிருந்த மலாயா வரைபடத்தில் அந்த இடத்தில் சிவப்புக் குண்டூசியைக் குத்தியிருந்தான். மலாக்காவிலிருந்து ஒரு பகல் ஓட்டம்.

இப்போது பதினொன்றாக ஐந்து நிமிஷம். அந்த ஊசியிலிருந்து மலாக்காவரை யூசுப் விரலால் அளந்து பார்த்தான்.

எதிரே, ஆஸ்பத்திரியிலிருந்து மூச்சிரைக்கச் சைக்கிள் மிதித்து வந்த ஜெயபாலன், பொன்னுதுரையின் மருமகன். அவன் மனைவி மல்லிகாவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லையாம். அவளுடையது லேசில் கிடைக்காத ரத்தம். தெரிந்தவரை அவள் அப்பாவுக்கு மட்டும்தான் அதே வகை. ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றாவிட்டால் தன்னால் ஆகாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அப்பாவோ, மெர்டேக்கா கிடைத்த மூன்றாம் மாதம், காரில் வானொலிப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு சுதந்திர மலாயாவைச் சுற்றிவரக் கிளம்பியவர். அமெச்சூர் வானொலிச் சங்கத்தின் தலைவர் அவர், உறுப்பினர் யூசுப். வழியனுப்பு விழாவில் ஏழு மாலை விழுந்தது, நாலு அவரே வாங்கி வந்தது. மணிக்கொரு தடவை இருக்குமிடத்தைச் சொல்வார். மலாக்காவில், காஜா பெராங்கில் தன் ஜவுளிக்கடை மாடியில் உட்கார்ந்து யூசுப் ஊசி குத்துவான்.

அன்று சூரியனில் ஏதோ கொந்தளிப்பு. விடிந்ததிலிருந்து வானொலியில் சிங்கப்பூர், கொழும்பு, மதராஸ் எல்லாம் ஊமை. பொன்னுதுரையின் குரல் மட்டும் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் கணீரென்று வந்தது. ஏரியல் தம் சொந்தத் தயாரிப்பு என்று அதற்குக் காரணமும் சொல்லியிருந்தார்.

பதினொன்றுக்குப் பெட்டி உயிர்பெற்றது.

"கிழக்குக்கரை மக்கள் கடலெனத் திரண்டிருக்கிறார்கள். அவர்தம் அன்பு மழையில் நனைந்தபடி..."

ஜெயபாலன் யூசுப்பின் தோளை உலுக்கினான். "சொல்லுங்கண்ணே, சீக்கிரம்."

"அவரு 'ஓவர்' சொல்ற வரைக்கும் நாம பேசுறது அவருக்குக் கேக்காது தம்பி."

பொன்னுதுரை அலைகளை வர்ணித்தார். கூடியிருந்த தலைகளை எண்ணினார். புதிய தேசத்துக்கு நாலு அறிவுரை வழங்கினார். ஆறு நிமிஷம் போயிற்று. ஜெயபாலன் பெட்டிமுன் மண்டியிட்டு, மாமனாரின் குரலைப் பார்த்துக் கும்பிட்டு அழுதான்.

ஒருவழியாக 'ஓவர்' வந்தது. யூசுப் மைக்கைப் பறித்து, மல்லிகா, ரத்தம், டாக்டர் கொடுத்த கெடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். குவாந்தான் போலீசிடம் ஓடுங்கள், பட்டாளத்து விமானம் ஏதாவது கிடைக்குமா என்று காலில் விழுந்து கேளுங்கள் என்று கெஞ்சினான்.

பெட்டியில் கரகரப்புகூட இல்லை. இருந்த ஒரு குரலையும் சூரியன் விழுங்கிவிட்டதா என்று யூசுப் குமிழைத் திருகித் திருகிப் பார்த்தான். ஜெயபாலன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

பிறகு அந்தக் குரல் வந்தது. இத்தனை வருஷத்தில் யூசுப் கேட்டிராத, மிகச் சின்னக் குரல்.

"இங்க மலாக்காவுல, செமாபோக்லதான் இருக்கேன் யூசுப்பு, பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரிக்கு வந்துடுறேன்."