இடது தோளில் லென்ஸ்

துண்டை நான்காக மடித்து மனைவியின் இடது தோளில் போட்டார். அதன் மேல் லென்ஸைச் சாய்த்தார்.

"கோமு, கனக்கா?"

"நேத்து கனத்த மாதிரிதான் கனக்கு."

குளத்துக்கரையில் இன்னும் வெயில் ஏறவில்லை. முன்னால் அவள். அவள் முதுகை ஒட்டி, கேமராவில் கண்ணை வைத்தபடி, கொஞ்சம் குனிந்து அவர். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ட்ரைபாடும் வாங்கிப் பார்த்தார்கள். அவர் கை நடுக்கம் அதற்கும் தொற்றிக்கொண்டது. அவள் தோள் தாங்கிக்கொண்டது.

முப்பத்தைந்து வருடம் கல்யாண வீடுகளில் படம் எடுத்தவர். தாலி கட்டப் போகிற கையையே, "மாப்ள, அப்படியே இங்க பாருங்க" என்று நிறுத்தி வைத்தவர். நல்ல நேரம் போகிறதென்று ஐயர் முறைத்தாலும் அசைந்ததில்லை. பட்டனை அமுக்குகிற நொடியில் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

நீலச்சிறகி நிற்குமா?

வாத்துகளிலேயே அது பொல்லாதது. எழுந்தது தெரியும், போனது தெரியாது.

மூன்று பனிக்காலமாக வருகிறார்கள். பறக்கிற நீலச்சிறகி, அந்த வெள்ளைப் புருவம் துலங்க, ஒரே ஒரு படம். அவ்வளவுதான் அவர் ஆசைப்பட்டது. ஆயிரக்கணக்கில் எடுத்தாயிற்று. எல்லாமே கலங்கல்.

இது மாசிக் கடைசி. வெயில் முற்றினால் வாத்துகள் வடக்கே கிளம்பிவிடும். அடுத்த வருடம் திரும்பி வரும். அதுவரை அவர் கை இப்போது இருக்கிற மாதிரியே இருக்குமா என்று டாக்டர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

எதிர்க்கரையில் ஆட்டுக்கிடை நாய் ஒன்று தண்ணீரில் இறங்கியது.

கூட்டம் எழுந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வாத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஆசை முந்திக்கொண்டு, அவருக்கு முன்னால் இவள் திரும்பிவிடுவாள். முதல் வருடம் முழுக்க அந்தத் தப்பைத்தான் செய்தாள். லென்ஸ் தள்ளுகிற பக்கம் இடுப்பைத் திருப்பினால் போதும்.

தள்ளியது. திரும்பினாள்.

இறக்கைச் சத்தம் நெருங்கி வந்து, கடந்து, தேய்ந்தது.

காதோரம் கேட்க வேண்டிய கேமராவின் டக்டக்டக் கேட்கவில்லை.

"கெடச்சிட்டா?"

"ம். கெடச்சிட்டு. நாலஞ்சு நல்லா வந்திருக்கும்."

எத்தனையோ கல்யாண வீட்டுக்காரர்களிடம், பார்க்காமலே, படம் பிரமாதம் என்று சொன்னவர்தான். அவளிடம் மட்டும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை.

அவளுக்குக் கோபம் வந்தது. விரல் சொன்னபடி கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? கோபத்துக்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினாள். தோள் குலுங்கக் கூடாது.

கூட்டம் போய்விடவில்லை. குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் வந்துகொண்டிருந்தது.

அவள் வலது கையைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனாள். தடவித் தேடினாள். பட்டன் மேல் கிடந்த அவர் விரல் அகப்பட்டது. சில்லென்று இருந்தது. நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் தன் விரலை வைத்தாள்.

அவர் விரலை இழுத்துக்கொள்ளவில்லை.

லென்ஸ் தள்ளியது. கண்ணை மூடியபடியே திரும்பினாள். எப்போது அமுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. கேட்க நேரமும் இல்லை.

இறக்கைச் சத்தம் நெருங்கியது.

அவள் பிடரியில் பட்டுக்கொண்டிருந்த அவருடைய மூச்சு, நின்றது.

அமுக்கினாள்.