சோபா தெய்வத்துக்கு மட்டும்

"சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், வாடிக்கையாளரே தெய்வம். தெய்வத்தின் சோபாவில் ஊழியர்கள் உட்காரலாகாது!"

தொம்மலூர் டிவி ஷோரூம் சுவரில் மேனேஜர் இதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

காலையிலிருந்து நின்று நின்று கால் வீங்கிப்போன அசோகன், இன்று ஒரு டிவியாவது விற்றாக வேண்டும். இல்லையென்றால் நாளைய வார லீவு ரத்து.

ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் வந்தாள். சோபாவில் சாய்ந்துகொண்டு, அரைமணி நேரம் ஒவ்வொரு டிவியாகப் போட்டுக் காட்டச் சொன்னாள்.

"பில் போட்டுடலாமா மேடம்?"

"சாரிண்ணா. எதிர் செல்போன் கடையில நான் சேல்ஸ். லஞ்ச் டைம்ல உட்கார எங்களுக்கு ஒரு ஸ்டூல்கூட கிடையாது."

"அதுக்கு என் உயிரை வாங்குனியாம்மா?"

"நாளைக்கு ஒரு மணிக்கு நீங்க அங்க வாங்கண்ணா. கஸ்டமருக்குக் குஷன் சேர்."

மறுநாளும் அசோகன் வேலைக்கு வந்தான். ஒரு மணிக்கு எதிர்க்கடையில் உட்கார்ந்து செல்போன் விலை விசாரித்தான்.