தண்ணீர் மாற்றியவள்

“மூணாவதும் போயிருச்சேடா! இவ கால வச்ச நேரம், ஒன்னொன்னாப் போகுது!”

ரெங்கம்மாளின் சத்தம் வில்லாபுரம் தெருமுனை வரை கேட்டது. செய்தித்தாளில் கிடத்தியிருந்த தங்கமீனின் வயிறு வீங்கியிருந்தது. மருமகளாக வந்து இரண்டு மாதமே ஆன தமிழ்வாணி, கையில் விளக்குமாற்றோடு நின்றாள்.

“அத்தே, என் காலுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்? வாங்குனதுலருந்து தொட்டித் தண்ணிய மாத்தவே இல்ல. பாக்கத்தான் பளிங்கு மாதிரி இருக்கு. அதுக கழியுறது, திங்காம விடுறது எல்லாம் அதுலயே ஊறி வெஷமாகுது.”

“வாஸ்து மீனுடி அது! வீட்டுக்கு வர்ற கண்டத்தத் தான் வாங்கிக்கிட்டுச் சாகுது. அம்புட்டுக் கண்டத்தையும் கொண்டாந்தவ நீ! அந்தத் தண்ணிய வெளிய ஊத்துனா வீட்டு லட்சுமியும் கூடவே போயிரும். படிச்சவன்னா பெரிய இவளா?”

“எங்க வம்சத்துலயே மொதமொத காலேஜுக்குப் போனவ அத்தே. படிச்சத எங்க கொண்டு போயிக் கொட்டுறது?”

“இன்னொன்னு சாகட்டும். நேரா ஒங்க ஆத்தா வீடுதான்!”

இன்ஜினியர் மகன் ராம்கி குறுக்கே வந்தான். “ஏம்மா, எந்தக் காலத்துல இருக்க? வாணி, நீ தண்ணிய மாத்து. யாரு என்ன சொல்றாங்கன்னு நான் பாக்குறேன்.”

அந்த வீட்டில் அவளுக்கு அன்றுதான் மூச்சு வந்தது. யாரும் சொல்லாமலே செத்த மீனைத் தன் தலையைச் சுற்றி முச்சந்தியில் போட்டுவிட்டு, அவன் வேலைக்குக் கிளம்பினான்.

ஞாயிறுதோறும் தொட்டியில் கால்வாசித் தண்ணீரை டியூப் வைத்து இறக்கினாள் தமிழ்வாணி. முந்தின நாளே வாளியில் பிடித்து ஆறவிட்ட தண்ணீரை ஊற்றினாள். ஒவ்வொரு வாளிக்கும் ஒரு சாபம் விட்டாள் மாமியார்.

அதன் பிறகு ஒரு மீனும் சாகவில்லை. சாபங்களும் மெல்லக் குறைந்தன.

ஆடி மாதம், ஒத்தக்கடை வளைவில் லாரிக்கு ஒதுங்கப்போய் ராம்கியின் பைக் சறுக்கியது. மாவுக்கட்டுப் போட்ட காலோடு தூக்கி வந்து, தொட்டிக்கு எதிரே சோபாவில் படுக்க வைத்தார்கள்.

ரெங்கம்மாள் வாயெடுக்கும் முன்பே தமிழ்வாணி முந்திக்கொண்டாள். “சொல்லுங்க அத்தே. இதுக்கும் என் காலுதானா?”

“நான் ஒன்னும் சொல்லலையே தாயி. உசுரு தப்புனதே போதும். போயி அவனுக்குக் கஞ்சி வையி.”

தமிழ்வாணியால் நம்ப முடியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று கணவனைப் பார்த்துச் சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. வாலாட்டித் திரிந்த மீன்களையே வெறித்துக்கொண்டிருந்தான்.

“ஒரு மீனையாவது சாக விட்டிருக்கலாம்ல, வாணி?”